மருந்தை மறுக்கும் இரத்தம்: ஒரு கேள்வியின் வரலாறு

கடுமையான ஹீமோஃபிலியாவுடன் பிறந்த குழந்தையின் மருத்துவக் கோப்பில் இரண்டு தேதிகள் முக்கியமானவை. நோய் உறுதிசெய்யப்பட்ட நாள் ஒன்று. உறைதற்காரணி மருந்து முதன்முதலாக ஏற்றப்பட்ட நாள் மற்றொன்று. முதல் தேதியைக் குடும்பத்தார் மறப்பதில்லை. இரண்டாவது தேதியையும், அதைத் தொடர்ந்து மருந்து ஏற்றப்பட்ட முதல் ஐம்பது நாட்களையும் கணக்கில் வைத்திருப்போர் குறைவு. ஆனால் அக்குழந்தையின் பிற்கால வாழ்வு எத்திசையில் செல்லும் என்பது பெரும்பாலும் அந்த ஐம்பது நாட்களுக்குள் தீர்மானமாகிவிடுகிறது.

ஹீமோஃபிலியா ஏ என்பது இரத்தம் உறைவதற்குத் தேவையான எட்டாம் காரணி என்னும் புரதம் குறைவாக இருக்கும் அல்லது இல்லாதிருக்கும் நிலை. எட்டாம் காரணியின் மரபணு எக்ஸ் குரோமோசோமில் இருப்பதால் இந்நோய் பெரும்பாலும் ஆண் குழந்தைகளையே தாக்குகிறது. ஏறத்தாழ 5,000 ஆண் குழந்தைகளில் ஒருவர் இதனுடன் பிறக்கிறார். இயல்பான அளவில் 1 விழுக்காட்டிற்கும் குறைவாக எட்டாம் காரணி உள்ளவர்களின் நோய் ‘கடுமையானது’ எனப்படுகிறது. இல்லாத புரதத்தை வெளியிலிருந்து ஏற்றுவதே சிகிச்சை. ஆனால் கடுமையான நோயுள்ள குழந்தைகளில் ஏறத்தாழ நான்கில் ஒருவர் முதல் மூன்றில் ஒருவர் வரை, ஏற்றப்படும் புரதத்தை அந்நியப் பொருளாகக் கருதி அதற்கெதிராக எதிர்ப்பொருள்களை உருவாக்கிவிடுகின்றனர். மருந்தைச் செயலிழக்கச் செய்யும் இந்த எதிர்ப்பொருள்களே ‘இன்ஹிபிட்டர்’, அதாவது தடுப்பான், எனப்படுகின்றன. தடுப்பான் உருவான குழந்தைக்கு வழக்கமான மருந்து பயன்படாது. மூட்டுக்குள் கசியும் இரத்தத்தை நிறுத்துவது கடினமாகிறது. மாற்று மருந்துகளின் விலையோ பன்மடங்கு.

ஒரே நோயும் ஒரே மருந்தும் கொண்ட இரு குழந்தைகளில் ஒருவருக்கு மட்டும் ஏன் தடுப்பான் உருவாகிறது? இக்கேள்விக்கு ஏறத்தாழ எண்பது ஆண்டுகளாக விடை தேடப்பட்டு வருகிறது. அத்தேடலில் புதிய கண்டுபிடிப்புகள் எவ்வளவு உண்டோ, அவ்வளவுக்குத் தவறான கணக்குகளும் அவற்றின் திருத்தங்களும் உண்டு. அந்தத் திருத்தங்களின் வரிசையை அறியாமல், இன்றைய பாடநூல்களில் காணப்படும் ‘ஆபத்துக் கூறுகள்’ பட்டியலைச் சரியாகப் படிக்க இயலாது.

மருந்து இல்லாத காலம்

1840இல் லண்டனில் சாமுவேல் லேன் என்னும் அறுவை மருத்துவர், மாறுகண் அறுவைக்குப் பின் இரத்தப்போக்கு நிற்காத ஒரு சிறுவனுக்கு மற்றொருவரின் இரத்தத்தை ஏற்றிக் காப்பாற்றினார். ஹீமோஃபிலியாவுக்கு இரத்தம் ஏற்றிச் சிகிச்சை அளித்ததற்கான முதற்பதிவு இதுவே. ஆனால் இரத்த வகைகள் கண்டறியப்படாத அக்காலத்தில் அது வழக்கமான சிகிச்சையாக மாற வாய்ப்பில்லை. 1937இல் ஹார்வர்டைச் சேர்ந்த பேடெக், டெய்லர் இருவரும், பிளாஸ்மாவிலிருந்து பிரித்தெடுத்த ஒரு புரதப் பகுதி ஹீமோஃபிலியா இரத்தத்தின் உறைதல் குறையைச் சரிசெய்கிறது எனக் காட்டினர். பிற்காலத்தில் எட்டாம் காரணி எனப் பெயர் பெற்றது அதுவே.

அடுத்த சில ஆண்டுகளிலேயே எதிர்ப்பக்கமும் தென்பட்டது. 1941இல் லாரன்ஸ், ஜான்சன் இருவரும், ஹீமோஃபிலியா குடும்பத்தைச் சேர்ந்த ஒருவரின் இரத்தத்தில் உறைதலை எதிர்க்கும் பொருளொன்று சுழல்வதைப் பதிவு செய்தனர். 1943இல் மன்ரோ, ஜோன்ஸ் இருவரின் கட்டுரை, அடிக்கடி இரத்தம் ஏற்றப்பட்ட நோயாளி ஒருவருக்கு அச்சிகிச்சையே கேடாக முடிந்ததை எடுத்துரைத்தது. 1947இல் கிராடாக், லாரன்ஸ் இருவரும், இது ஏற்றப்பட்ட இரத்தத்திற்கு எதிராக உடலின் எதிர்ப்பாற்றல் காட்டும் வினை என்னும் விளக்கத்தை முன்வைத்தனர்.

அக்காலத்தில் இது ஓர் அரிய நிகழ்வாகவே கருதப்பட்டது. அரிதாக இருந்ததற்குக் காரணம் எளிது: சிகிச்சையே அரிதாக இருந்தது. போதிய மருந்து பெறாத நோயாளியின் உடல் அம்மருந்தை எதிர்க்கக் கற்றுக்கொள்ள வழியில்லை. கடுமையான நோயுள்ள பல குழந்தைகள் வளரும் பருவத்தைக் கடக்காமலே இறந்தனர். தடுப்பான்கள் குறைவாகக் காணப்பட்டதை, ஆபத்தே குறைவு என்று அன்று பொருள்கொள்ள முடிந்தது. இந்தப் பிழை பின்னரும் வேறு இடங்களில் வேறு வடிவங்களில் திரும்பி வந்தது.

அளவுகோல் வந்த காலம்

1964இல் ஸ்டான்ஃபோர்டைச் சேர்ந்த ஜூடித் பூல், உறையவைத்த பிளாஸ்மாவை மெல்ல உருகவிடும்போது அடியில் தங்கும் வீழ்படிவில் எட்டாம் காரணி செறிந்திருப்பதை அறிவித்தார். ‘கிரையோபிரெசிபிடேட்’ எனப்பட்ட இம்முறை சாதாரண இரத்த வங்கிகளிலும் செய்யக்கூடியதாக இருந்தது. அதைத் தொடர்ந்து, பலரது பிளாஸ்மாவைத் திரட்டித் தயாரிக்கப்பட்ட செறிவூட்டிய மருந்துகள் வந்தன. மருந்து பரவலாகக் கிடைத்ததும் தடுப்பான்களும் பரவலாகத் தென்பட்டன.

ஆனால் ஒவ்வோர் ஆய்வகமும் தன் விருப்பப்படி அளந்துகொண்டிருந்தவரை, ஓரிடத்து எண்ணிக்கையை மற்றோரிடத்து எண்ணிக்கையோடு ஒப்பிட இயலவில்லை. 1975இல் கரோல் காஸ்பரும் பிறரும் வெளியிட்ட பெதெஸ்டா முறை இக்குழப்பத்தை நீக்கியது. நோயாளியின் பிளாஸ்மாவையும் இயல்பான பிளாஸ்மாவையும் கலந்து 37 டிகிரி வெப்பத்தில் இரண்டு மணி நேரம் வைத்தால், எட்டாம் காரணியில் பாதியைச் செயலிழக்கச் செய்யும் தடுப்பானின் அளவே ஒரு பெதெஸ்டா அலகு. 5 அலகுகளுக்கு மேற்பட்டவை உயர்நிலைத் தடுப்பான்கள் என்னும் பாகுபாடும் இந்த அலகின் அடிப்படையில்தான் நிலைபெற்றது.

1977இல் ஜெர்மனியின் பான் நகரிலிருந்து பிராக்மன், கோர்ம்சன் இருவரும் வெளியிட்ட ஒரு நோயாளியின் வரலாறு மருத்துவ உலகை வியக்கவைத்தது. தடுப்பான் உருவான அந்நோயாளிக்கு எட்டாம் காரணியைப் பெருமளவில் தொடர்ந்து ஏற்றியபோது தடுப்பான் மறைந்தது. எதிர்ப்பைத் தூண்டிய அதே பொருள், வேறு அளவிலும் வேறு ஒழுங்கிலும் தரப்பட்டபோது எதிர்ப்பை அடக்கியது. மருந்து ‘எது’ என்பதோடு, ‘எப்போது, எவ்வளவு, எந்த ஒழுங்கில்’ என்பதும் கேட்கப்பட வேண்டிய கேள்வி என்பதற்கு இதுவே முதல் வலுவான சான்று. அதன் முழுப்பொருள் விளங்க மேலும் முப்பது ஆண்டுகள் ஆயின.

எண்ணிக்கை திடீரென உயர்ந்தது ஏன்?

1980களின் தொடக்கத்தில், திரட்டிய பிளாஸ்மாவிலிருந்து தயாரான மருந்துகள் வழியே எச்.ஐ.வி. பரவி ஹீமோஃபிலியா நோயாளிகளில் ஒரு தலைமுறையையே சிதைத்தது. 1984இல் எட்டாம் காரணியின் மரபணு பிரித்தெடுக்கப்பட்டது. 1990களின் தொடக்கத்தில், மனித பிளாஸ்மாவை மூலப்பொருளாகக் கொள்ளாமல் உயிரணு வளர்ப்பில் தயாரிக்கப்பட்ட மறுசேர்க்கை மருந்துகள் பயன்பாட்டுக்கு வந்தன. அதுவரை சிகிச்சையே பெறாத குழந்தைகளிடம் இவற்றைச் சோதித்தபோது, ஏறத்தாழ நான்கில் ஒருவருக்குத் தடுப்பான் உருவானது. பழைய கணக்குகளோடு ஒப்பிட்டால் இது மிக அதிகம். புதிய மருந்தே குற்றவாளி என்னும் ஐயம் எழுந்தது.

ஐயம் நியாயமானதே, ஆனால் ஒப்பீடு நியாயமற்றது. பழைய கணக்குகள், ஒரு குறிப்பிட்ட நாளில் மருத்துவமனையின் பதிவிலிருந்த எல்லா வயதினரிலும் எத்தனை பேருக்குத் தடுப்பான் இருக்கிறது எனப் பார்த்தவை. தோன்றி மறைந்த தடுப்பான்களும், தடுப்பானால் இறந்துபோனவர்களும் அக்கணக்கில் வரவில்லை. புதிய ஆய்வுகளோ குழந்தைகளை முதல் ஊசியிலிருந்தே பின்தொடர்ந்து, குறிப்பிட்ட இடைவெளிகளில் சோதித்தன. நடப்பிலிருக்கும் எண்ணிக்கையையும் புதிதாகத் தோன்றும் வீதத்தையும் ஒன்றாகக் கொண்டதன் விளைவே அந்த அதிர்ச்சியின் பெரும்பகுதி.

அதற்காக மருந்துக்குப் பங்கே இல்லை என்றும் சொல்லிவிட முடியாது. 1990களின் தொடக்கத்தில் நெதர்லாந்தில், ஆண்டுக்கணக்கில் மருந்தேற்றித் தடுப்பான் இல்லாமலிருந்த நோயாளிகளிடையே திடீரெனத் தடுப்பான்கள் தோன்றின. ரோசண்டாலும் பிறரும் 1993இல் வெளியிட்ட ஆய்வு இதைக் குறிப்பிட்ட ஒரு பிளாஸ்மா மருந்தோடு தொடர்புபடுத்தியது. மருந்தைத் தயாரிக்கும் முறையே புரதத்தின் இயல்பை மாற்றி எதிர்ப்பைத் தூண்டக்கூடும் என்பது அதன் பாடம்.

மரபணு சொன்னதும் சொல்லாததும்

1993இல், கடுமையான ஹீமோஃபிலியா ஏ நோயாளிகளில் ஏறத்தாழ 45 விழுக்காட்டினரிடம் எட்டாம் காரணி மரபணுவின் 22ஆம் இன்ட்ரானில் ஒரு தலைகீழ் மாற்றம் இருப்பது கண்டறியப்பட்டது. இரண்டு ஆண்டுகளுக்குப் பின் ஜெர்மானிய ஆய்வாளர்கள், சடுதிமாற்றத்தின் வகைக்கும் தடுப்பானுக்கும் உள்ள உறவை வகுத்துக் காட்டினர். மரபணுவின் பெரும்பகுதி நீங்கியோ புரத உருவாக்கம் இடையில் நின்றோ போனவர்களிடம் ஆபத்து மிகுதி. ஓர் அமினோ அமிலம் மட்டும் மாறியவர்களிடம் குறைவு. காரணம் புரிந்துகொள்ளத்தக்கது. குறைபட்ட வடிவிலேனும் அப்புரதத்தை உடல் தன்னகத்தே உருவாக்கிவந்தால், எதிர்ப்பாற்றல் அதைத் தன்னுடையதாக அடையாளம் காணப் பழகிவிடுகிறது. ஒருபோதும் கண்டிராத புரதம் வரும்போதுதான் அது அந்நியமாகிறது. ஒன்பதாம் காரணி குறைபாடான ஹீமோஃபிலியா பி நோயில் தடுப்பான்கள் வெகு குறைவாக இருப்பதற்கும் இதுவே பெரிதும் காரணம்: அங்கு அமினோ அமில மாற்றங்களே மிகுதி.

சுவீடனின் மால்மோவை மையமாகக் கொண்டு நடந்த பன்னாட்டுச் சகோதரர் ஆய்வு 2001இல் மேலும் ஓர் உண்மையைச் சேர்த்தது. ஏற்கெனவே ஒருவருக்குத் தடுப்பான் உருவான குடும்பத்தில், பிறருக்கும் அது உருவாகும் ஆபத்து ஏறத்தாழ மும்மடங்கு. அதே ஆய்வு மறுபக்கத்தையும் காட்டியது: ஒரே சடுதிமாற்றத்தைக் கொண்ட சகோதரர்களில் ஒருவருக்கு உருவாகி மற்றவருக்கு உருவாகாத குடும்பங்களும் பல. எதிர்ப்பாற்றலை நெறிப்படுத்தும் பிற மரபணுக்களும் இதில் பங்கு பெறுகின்றன எனப் பின்வந்த ஆய்வுகள் காட்டின. ஆப்பிரிக்க வம்சாவளியினரிடம் தடுப்பான்கள் மிகுதி என்னும் அமெரிக்கக் கணக்குக்கு, அவர்களது எட்டாம் காரணியின் வடிவ வேறுபாடே காரணம் என 2009இல் ஒரு கருதுகோள் முன்வைக்கப்பட்டது; பின்வந்த பெரிய ஆய்வுகள் அதை உறுதியாக ஆதரிக்கவில்லை.

மரபணு நிலத்தைக் காட்டியது. அந்நிலத்தில் எந்த விதை எப்போது முளைக்கும் என்பதைச் சிகிச்சையின் வரலாற்றிலேயே தேட வேண்டியிருந்தது.

வயது என்னும் பொய்ச்சாட்சி

2001இல் ஸ்பெயினிலிருந்து வந்த ஓர் ஆய்வு மருத்துவர்களையும் பெற்றோரையும் கலக்கியது. ஆறு மாதத்திற்குள் முதல் மருந்தேற்றம் பெற்ற குழந்தைகளில் 41 விழுக்காட்டினருக்குத் தடுப்பான் உருவானது. ஓராண்டிற்குப் பின் பெற்றவர்களில் 12 விழுக்காட்டினருக்கே உருவானது. அடுத்து நெதர்லாந்திலிருந்து வந்த ஆய்வும் இதே திசையைக் காட்டியது. பொருள் தெளிவாகவே தோன்றியது: பிஞ்சு உடலுக்கு மருந்து ஆகாது, முடிந்தவரை தள்ளிப்போடுவதே நன்று.

2007இல் வெளியான ‘கேனல்’ ஆய்வு இம்முடிவை மறுபரிசீலனை செய்தது. 1990 முதல் 2000 வரை பிறந்த, கடுமையான நோயுள்ள 366 பேரின் முதல் ஐம்பது மருந்தேற்ற நாட்களை அது ஒவ்வொன்றாக ஆராய்ந்தது. வயதுக்கும் தடுப்பானுக்கும் தொடர்பு இருப்பதுபோல் முதலில் அதிலும் தோன்றியது. ஆனால் சிகிச்சையின் தீவிரத்தையும் கணக்கில் சேர்த்தபோது அத்தொடர்பு பெரும்பாலும் மறைந்துவிட்டது. மிக இளவயதில் மருந்து பெறும் குழந்தை எது? பெரிய இரத்தக்கசிவு ஏற்பட்ட குழந்தை அல்லது அறுவைக்கு உள்ளான குழந்தை. அக்குழந்தை ஒருமுறை மருந்து பெற்று வீடு திரும்புவதில்லை. அடுத்தடுத்த நாட்களில் மிகுந்த அளவில் பெறுகிறது. வயதின் மேல் சுமத்தப்பட்ட குற்றம் உண்மையில் அந்தத் தீவிர மருந்தேற்றத்தினுடையது. தொடக்கத்திலேயே அறுவையோ தொடர் மருந்தேற்றமோ நேர்ந்தவர்களிடம் ஆபத்து மும்மடங்குக்கும் மேலாக இருந்தது. இரத்தக்கசிவுக்காகக் காத்திராமல் சீரான இடைவெளியில் முன்தடுப்புச் சிகிச்சை பெற்றவர்களிடம் அது ஏறத்தாழ 60 விழுக்காடு குறைவாக இருந்தது.

இதற்கு எதிர்ப்பாற்றலியலில் ஒரு விளக்கம் ஏற்கெனவே இருந்தது. 1994இல் பாலி மாட்சிங்கர் முன்வைத்த ‘அபாயக் கோட்பாட்டின்’படி, உடல் ஒரு பொருளை அது அந்நியம் என்பதற்காக மட்டும் எதிர்ப்பதில்லை, திசுக்கள் சிதைந்து அபாயக் குறிப்பு எழும் வேளையில் எதிர்ப்படும் பொருளையே எதிர்க்கிறது. பெரிய கசிவு, அறுவைக் காயம் ஆகியவற்றின் நடுவே பெருமளவில் ஏற்றப்படும் எட்டாம் காரணி தவறான நேரத்தில் அறிமுகமாகிறது. அமைதியான நாளில் சிறிய அளவில் அறிமுகமாகும் அதே புரதம் ஏற்றுக்கொள்ளப்படக்கூடும்.

இந்தத் திருத்தம் வெறும் புள்ளியியல் நுணுக்கம் அன்று. தடுப்பான் உருவான குழந்தையின் தாய், தான் செய்தது எது, செய்யத் தவறியது எது என்று தேடுவது இயல்பு. 2005இல் இத்தாலியிலிருந்து வெளியான ஆய்வு, கருவுற்ற காலத்து நிகழ்வுகள், தாய்ப்பால், தடுப்பூசி, தொற்று முதலியவற்றை ஆராய்ந்தது. அவற்றில் எதற்கும் தடுப்பானோடு தொடர்பு தென்படவில்லை. முன்தடுப்புச் சிகிச்சை மட்டுமே பாதுகாப்பாக அமைந்தது. மருந்தைத் தள்ளிப்போடாததற்காகத் தன்னை நொந்துகொண்ட தாயின் குற்ற உணர்வுக்கு அடிப்படையில்லை என்பதைச் சொல்ல, ஒழுங்கான ஒரு கணக்கு தேவைப்பட்டது.

ஆனால் கேனல் ஆய்விலிருந்து பெற்ற நம்பிக்கைக்கும் ஓர் எல்லை இருந்தது. மிகச் சிறிய அளவில், மிக இளவயதிலேயே முன்தடுப்புச் சிகிச்சையைத் தொடங்கினால் தடுப்பான்களைத் தவிர்க்கலாம் என்னும் எண்ணத்தைச் சோதிக்கத் தொடங்கிய ‘எபிக்’ ஆய்வு, எதிர்பார்த்த பயன் தெரியாததால் இடையிலேயே நிறுத்தப்பட்டது. கவனித்து அறிந்த தொடர்பு வேறு. செயலால் அடையக்கூடிய விளைவு வேறு.

நிகழ்ந்ததைக் கவனிப்பதும் குலுக்கித் தருவதும்

பிளாஸ்மா மருந்தா, மறுசேர்க்கை மருந்தா என்னும் பழைய கேள்வி மீண்டும் எழுந்தது. 2013இல் வெளியான ‘ரோடின்’ ஆய்வு 574 குழந்தைகளைப் பின்தொடர்ந்து, இரண்டிற்கும் ஆபத்தில் வேறுபாடில்லை என்றது. 2016இல் வெளியான ‘சிப்பெட்’ ஆய்வு இதற்கு மாறான முடிவைத் தந்தது. அதில் எந்தக் குழந்தைக்கு எந்த மருந்து என்பதை மருத்துவரின் விருப்பம் முடிவுசெய்யவில்லை, குலுக்கல் முடிவுசெய்தது. ஆறு வயதுக்குட்பட்ட 251 குழந்தைகளில், பிளாஸ்மா மருந்து பெற்றவர்களில் 26.8 விழுக்காட்டினருக்கும், மறுசேர்க்கை மருந்து பெற்றவர்களில் 44.5 விழுக்காட்டினருக்கும் தடுப்பான் உருவானது. இம்முடிவு எல்லா மறுசேர்க்கை மருந்துகளுக்கும் பொருந்துமா என்னும் விவாதம் தொடர்ந்தது. ஆனால் இத்துறையின் மிக வலுவான சான்றுகளுள் அதுவும் ஒன்று என்பதை எவரும் மறுக்கவில்லை.

சிப்பெட் 14 நாடுகளில் நடந்தது. அவற்றுள் இந்தியாவும் எகிப்தும் அடங்கும். மறுசேர்க்கை மருந்தே வழக்கமாகிவிட்ட செல்வ நாடுகளில், குழந்தையைக் குலுக்கல் முறையில் பிளாஸ்மா மருந்துக்கு ஒதுக்கப் பெற்றோரையும் மருத்துவரையும் இசையவைப்பது கடினம். இந்தியாவிலோ, நோய் உறுதியான பின்னும் மருந்தே காணாத குழந்தைகள் இருந்தனர். உலகம் நாடிய சான்று, சிகிச்சை எட்டாத குழந்தைகளின் பங்கேற்பால்தான் கைகூடியது. இந்திய மருத்துவ வரலாற்றில் பெருமையும் உறுத்தலும் ஒருங்கே கொண்ட பக்கம் இது.

இந்தியாவின் குறைந்த எண்ணிக்கை

இந்தியாவில் தடுப்பான்கள் குறைவு என்னும் கூற்று நெடுங்காலம் நிலவியது. அதை 1940களின் அனுபவத்தோடு சேர்த்துப் படிக்க வேண்டும். 1983இல் நோயாளிகளின் முயற்சியால் இந்திய ஹீமோஃபிலியா கூட்டமைப்பு தோன்றியபோது, செறிவூட்டிய மருந்து மிகச் சிலருக்கே எட்டிய பொருள். பின்னர் மாநில அரசுகள் படிப்படியாக இலவச மருந்து வழங்கத் தொடங்கின. 2016ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் ஹீமோஃபிலியாவையும் உள்ளடக்கியது. ஆயினும் பத்து வயதாகியும் இருபது மருந்தேற்ற நாட்களை எட்டாத குழந்தைக்குத் தடுப்பான் இல்லை என்பது நற்செய்தி ஆகாது. ஆபத்தின் வாசலுக்கே அக்குழந்தை வந்து சேரவில்லை என்பதே அதன் பொருள். பெதெஸ்டா சோதனை செய்யும் ஆய்வகங்கள் பெருநகரங்களில் குவிந்திருக்கும்வரை, உருவாகும் தடுப்பான்களும் கண்ணில் படாமல் போகும்.

மேலும், மருந்து குறைவாக உள்ள இடத்தில் அது எப்போது தரப்படுகிறது என்பதும் கவனத்திற்குரியது. உயிருக்கு ஆபத்தான கசிவின்போதும் அறுவையின்போதும் தொடர்ச்சியாகத் தரப்படுகிறது. அமைதியான நாட்களில் தரப்படுவதில்லை. கேனல் ஆய்வு எந்த முறையை ஆபத்தானதாக அடையாளம் கண்டதோ, வறுமை அதே முறையை வழக்கமாக்கிவிடுகிறது. சிக்கனத்திற்காகச் செய்யப்படும் பங்கீடே, பின்னர் பெருஞ்செலவு வைக்கும் தடுப்பானுக்கு வழிவகுக்கக்கூடும்.

மாறிவரும் கேள்வி

2017இல் எமிசிசுமாப் என்னும் மருந்து அமெரிக்காவில் தடுப்பான் உள்ளவர்களுக்கு முதலில் அனுமதி பெற்றது. அடுத்த ஆண்டே தடுப்பான் இல்லாதவர்களுக்கும் அனுமதி கிடைத்தது. தோலுக்கடியில் செலுத்தப்படும் இம்மருந்து எட்டாம் காரணியின் வேலையைச் செய்தாலும் அமைப்பில் அப்புரதத்தை ஒத்ததன்று. எனவே எட்டாம் காரணிக்கு எதிரான தடுப்பான் இதனைத் தாக்குவதில்லை. இதைச் சிசுப் பருவத்திலேயே தொடங்கும் குழந்தைகள் எட்டாம் காரணியை ஆண்டுக்கணக்கில் சந்திக்காமலே வளரக்கூடும். ஆனால் அறுவையோ விபத்தோ நேரும் நாளில் அப்புரதம் தேவைப்படும். அன்றைய முதல் அறிமுகம் மிகத் தீவிரமான சூழலில் நிகழும். ஆபத்து நீங்கியதா, தள்ளிப்போடப்பட்டதா என்பதே இனி ஆய்வாளர்கள் முன் நிற்கும் கேள்வி.

‘ஆபத்துக் கூறு’ என்னும் சொல்லை மாணவர்கள் பெரும்பாலும் ஒரு குழந்தையின் தலையெழுத்தைக் கணிக்கும் சொல்லாகப் படிக்கின்றனர். இந்த எண்பதாண்டு வரலாறு வேறொன்றைக் கற்பிக்கிறது. சடுதிமாற்றம், குடும்ப வரலாறு, வம்சாவளி ஆகியவை எவராலும் மாற்ற இயலாதவை. அவசரமற்ற அறுவையைத் தள்ளிவைப்பது, தேவைக்கு மேல் தீவிர மருந்தேற்றத்தைத் தவிர்ப்பது, முன்தடுப்புச் சிகிச்சையை உரிய காலத்தில் தொடங்குவது, முதல் ஐம்பது மருந்தேற்ற நாட்களில் தடுப்பானுக்கான சோதனையைத் தவறவிடாதிருப்பது ஆகியவை மனிதர் கையில் உள்ளவை. மருந்தேற்றிய ஒவ்வொரு நாளும் தேதி, அளவு, காரணம் ஆகிய மூன்றையும் கோப்பில் எழுதிவைப்பதும் அவற்றோடு சேரும். ஒரு மாவட்ட மருத்துவமனையின் பதிவேட்டில் அம்மூன்றும் இருந்தால், அடுத்த குழந்தைக்கு ஏன் நேர்ந்தது என்று கேட்கும்போது பதிலைத் தாயிடம் தேட வேண்டியிராது.